ஐந்து வார்த்தைகளும் எனக்குத்தான் நினைவிருந்தன

கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் வலது பூட்ஸுக்குள் வைத்திருக்கிறேன். மேசைமேல் வைத்தால் நீ பார்க்கமாட்டாய். சாமி படத்தடியில் வைத்தால் சுத்தமாகப் பார்க்கமாட்டாய். நீ தவறாமல் கையை விட்டுத் துழாவுகிற ஒரே இடம் அந்த பூட்ஸ்தான், உள்ளே பல்லி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேற்று மூன்று தரம் வந்தேன். நான் "கண்ணு" என்று வாயெடுத்ததும் நீ ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வார் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். முப்பத்திரண்டு வயதில், ஒரு குழந்தைக்குத் தகப்பனான பிறகு, பெற்றவள் பேச்சைக் கேட்காமல் இருக்க வீட்டுக்குள் ஹெல்மெட் போடுகிறவன் இந்தக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலேயே நீ ஒருத்தன்தான். போனில் பேசி அனுப்பலாம் என்றால், நீ என் குரலை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டி பிருந்தாவே சொன்னாள். அணில் சண்டை போடுவது மாதிரி கேட்குமாம். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. என்னை ஐந்தாம் வகுப்புக்கு மேல் அனுப்பவில்லை, அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பிழை இருக்காது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

எழுதி முடித்ததும் பிருந்தா இதைப் படம் பிடித்து, ரேஸ் ஓட்டுகிறவர்களின் வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் குரூப்பில் போடப்போகிறாள். நான்தான் போடச் சொன்னேன். உன் மானம் போய்விடும் என்று பதறாதே. போகப்போவது என் மானம்தான். அந்த அம்மாக்களில் பாதிப் பேர் நான் செய்ததையே செய்திருப்பார்கள், மீதிப் பேர் செய்யத் தயாராக நாற்காலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர் ரேஸில் நீ ஓட்டப்போவதில்லை. உன் பெயரை எடுக்க வைத்தது நான். இப்போது உனக்குக் கோபம் வந்திருக்கும். பூட்ஸைப் போடாமல் அப்படியே உட்கார்ந்து மீதியைப் படி.

மூன்று வாரத்துக்கு முன் ஏலப்பாறையில் என்ன நடந்தது என்பதை நான் உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. வண்டி ஓட்டியவனுக்கே வேடிக்கை பார்த்தவள் கதை சொல்வதா என்று யாரும் சிரிப்பார்கள். ஆனால் உனக்குத் தெரியாது கண்ணு. இந்தக் கடிதத்துக்கே அதுதான் காரணம்.

எஸ்டேட் மைதானத்தில் தடம் போட்டிருந்தார்கள். காலையில் பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. தேயிலைச் சரிவு முழுக்க எஸ்டேட் சனங்கள் நின்றார்கள். நான் வழக்கம்போல வேலிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, பிளாஸ்க், குடை சகிதமாக உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற எஸ்டேட் அக்காவிடம், அந்த நாற்பத்தேழாம் நம்பர் என் மகன் என்று சொல்லியாயிற்று. அவள் கேட்கவில்லை. கேட்டால்தானா நான் சொல்வேன்? முதல் பந்தயத்தில் நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய். அந்தப் பெரிய மேடு இருக்கிறதே, நீங்கள் டேபிள்டாப் என்பீர்களே, அதில் தாவினாய். முன்சக்கரம் முதலில் இறங்கியது. வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். தலை தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் ஹெல்மெட் மண்ணைக் கீறிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நீ அசையாமல் கிடந்தாய். எவ்வளவு நேரம் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். நான் "முருகா" என்று ஏழெட்டுத் தரம் சொல்லும் நேரம்.

பிறகு எழுந்தாய். சனங்கள் கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்று, "எந்திரிச்சுட்டயா சாமி, ஏறு, ஏறி ஓட்டு" என்று கத்தினேன். நீயும் ஏறினாய். உன் வண்டி சிவப்பு. நீ போய் ஏறியது, பக்கத்தில் விழுந்து கிடந்த இன்னொருத்தனுடைய பச்சை வண்டியில். கொடி பிடித்திருந்தவர் உன் சட்டையைப் பிடித்து இறக்குகிறார், நீ மறுபடியும் அதிலேயே ஏறுகிறாய். சரிவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எஸ்டேட் அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஒங்க மகன் வேற வண்டில ஏறுதாரும்மா."

"குறும்புங்க அவனுக்கு. சின்னதுல இருந்தே அப்படித்தான்," என்றேன்.

நீ சின்னதில் இருந்து அப்படி இல்லை. அடுத்தவன் பென்சிலைக்கூடத் தொடமாட்டாய்.

உன்னைக் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே வந்துவிட்டேன், நாற்காலியோடு. அங்கே இருந்த டாக்டர் நம் பிருந்தா வயசுப் பெண், மலையாளி. உன்னை உட்காரவைத்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது என்ன இடம் என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் "ஏலப்பாறைங்க" என்றேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றாள். "புட்டும் கடலையும், ரெண்டு பழம்" என்றேன். இன்றைக்கு என்ன கிழமை என்று ஆரம்பித்தவள், நான் மூச்சு இழுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அம்மே, ஞான் மோனோடாணு சோதிச்சது."

மகனைத்தான் கேட்டேன் என்கிறாள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் வாயைத்தான் சொன்னாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கை சும்மாதானே இருந்தது.

அப்புறம் அவள் ஐந்து வார்த்தை சொன்னாள். ஆனை, குடை, சீப்பு, மாங்காய், மணி. உடனே திருப்பிச் சொல்லச் சொன்னாள், எப்படியோ சொல்லிவிட்டாய். பிறகு ஒரு காலில் நிற்கச் சொன்னாள், கோட்டின்மேல் நடக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஐந்தையும் மறுபடி சொல்லு என்றாள். "ஆனை" என்றாய். அதோடு நின்றுவிட்டாய். டாக்டர் உன்னைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் குடையை விரித்தேன். "குடை" என்றாய். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்ததால் டாக்டர் ஒரு தரம் வானத்தைப் பார்த்துக்கொண்டாள். நான் தலையை வாருவது மாதிரி செய்தேன், "சீப்பு" என்றாய். மாங்காய்க்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடித்து, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்காட்டினேன். கடைசியாகக் கையை ஆட்டினேன். நீ "பூசை" என்றாய். நான் தலையை அசைத்துவிட்டு இன்னும் வேகமாக ஆட்டினேன். "மணி" என்றாய். டாக்டர் பெண் எழுதிக்கொண்டாள். ஐந்துக்கு ஐந்து. என் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு நான் வாங்கிய முதல் முழு மார்க் அது.

அப்படியும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. இன்றைக்கு ஓட்டாமல் இருந்தால் நல்லது என்றுதான் சொன்னாள். தலைவலியோ, வாந்தியோ, மயக்கமோ வந்தால் உடனே சொல்லவேண்டும், மறைக்கக் கூடாது என்றாள். போன் நம்பர் எழுதிய ஒரு காகிதத்தையும் கொடுத்தாள். நீ "ஒண்ணுமில்லீங்க, நல்லாருக்கறனுங்க" என்றாய். நானும் பக்கத்தில் நின்று, இவன் இப்படித்தாங்க, வெயில் ஏறினால் கொஞ்சம் மந்தமாக இருப்பான் என்றேன். ஏலப்பாறையில் அன்றைக்கு வெயிலே இல்லை. அவள் உன் விடைகளை இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவளைக் குறை சொல்லாதே. அவள் சோதித்தது என் தலையை, அது நன்றாகத்தான் இருந்தது.

நீ இரண்டாவது பந்தயமும் ஓட்டி, மூன்றாவதாக வந்து, கோப்பை வாங்கினாய். கட்டம் போட்ட கொடி விழுந்து எல்லோரும் வண்டியை நிறுத்திய பிறகும் நீ மட்டும் இன்னொரு சுற்று முழு வேகத்தில் போனாய். சனங்கள் வெற்றிச் சுற்று என்று நினைத்துக் கூவினார்கள். மூன்றாவதாக வந்தவன் எதற்கு வெற்றிச் சுற்று போகிறான் என்று எஸ்டேட் அக்கா கேட்டாள். எனக்கும் அது தோன்றியது. ஆனாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் அவசரத்தில், தோன்றியதை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மலை இறங்கும்போது நீ கேட்டாய், "ரேஸ் முடிஞ்சுதுங்களாம்மா?" என்று. முடிஞ்சது கண்ணு, நீ மூணாவது என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் கேட்டாய். மறுபடியும் சொன்னேன், கோப்பையையும் காட்டினேன். மூன்றாம் தரம் கேட்டபோது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உன் மெக்கானிக் சிபி சிரித்தான். நாலாம் தரம் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாய். மலைப்பாதை வளைவு என்றேன் நான். சிபி புட்டு என்றான். ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். பிருந்தாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், பயந்துகொள்வாள் என்று அவனிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டேன். டாக்டர் கொடுத்த காகிதத்தை என் பைக்குள் போட்டு, அந்தப் பையை அலமாரிக்குள் வைத்தேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த மூன்று வாரமாக யோசிக்கிறேன். பாதிக்குக் காரணம் பழக்கம். உனக்குத் தடுப்பூசி போட்ட நாளில் இருந்து, டாக்டர் உன்னைக் கேட்டால் நான்தான் பதில் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் காய்ச்சல், எங்கே வலி, வயிற்றுக்கு எப்படிப் போகிறது, எல்லாம் நானே. போன வருசம் உனக்குப் பல் பிடுங்கியபோதுகூட வலிக்கிறதா என்று அவர் கேட்டதற்கு நான்தான் இல்லை என்றேன். மீதிப் பாதி பழக்கம் இல்லை. எனக்கு அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. நாற்பத்தேழாம் நம்பரின் அம்மா என்று அந்தச் சரிவில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்க்கவேண்டியிருந்தது. பிருந்தா உன் பந்தயத்துக்கு வருவதே இல்லை, பயம் என்பாள். நான் அவளைக் கோழை என்று நினைத்திருக்கிறேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அந்த வண்டிச் சத்தம் உன்னைவிட எனக்குத்தான் அதிகம் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நீ எப்படி இருந்தாய் என்பதும் உனக்குத் தெரியாது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாய். பகலில் ஜன்னலை எல்லாம் சாத்தினாய், கண்ணில் தூசி என்றாய். மூன்று வாரமாக ஒரே தூசியா? குழந்தை நிலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே "நிலா எங்கீங்கம்மா?" என்றாய். விளையாட்டாகக் கேட்கிறாய் என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். இரண்டு பேருடைய சிரிப்பும் சரியில்லை. பிருந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, அவருக்கு என்னமோ ஆகியிருக்குதுங்க, ஏலப்பாறைல விழுந்தாருங்களா?" என்று கேட்டாள். ரேஸ் என்றால் விழத்தான் செய்வார்கள் என்றேன். ஹெல்மெட்டில் ஒரு கீறலுக்கு மேல் இல்லை என்றும் சொன்னேன். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவள் அல்லவா, அவள் ஒன்று சொன்னாள். கெட்ட ரோட்டில் குலுங்கி வருகிற கேனில் வெளியே ஒரு சொட்டைகூட இருக்காது, மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் திரண்டு மிதக்கும், கேனைப் பார்த்துப் பாலுக்கு மார்க் போட மாட்டோம் அத்தை என்றாள். மருமகள் இப்படிச் சொன்னால் மாமியார் என்ன செய்வாள், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

இதற்கு நடுவில் நான் செய்த இன்னொரு வேலையும் உண்டு. இந்த வருசத் தொடரின் கடைசிப் பந்தயம் நம் ஊரிலேயே, நம் கண்ணுக்கு முன்னால் நடக்கப்போகிறது, புள்ளியில் நீ முதலில் இருக்கிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்துக்கொண்டு, முதல் தாம்பூலத்தைக் குலசாமிக்கு வைத்துவிட்டு, நாற்பத்து மூன்று வீட்டுக்கு நேரில் போய் அழைத்தேன். கல்யாணத்துக்கு அழைப்பதுபோலத்தான். மோட்டோகிராஸுக்குத் தாம்பூலம் வைத்து அழைத்த முதல் பொம்பளை நான்தான் என்று சிபி சொன்னான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ தோப்பில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தடம் நீயே மண்வெட்டி பிடித்துப் போட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வலது பக்கம் திரும்பவேண்டும். நீ இடது பக்கம் திரும்பினாய். வரப்பு வந்து முட்டியதும் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, நாலு பக்கமும் பார்த்தாய். தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடப்பட்டவன் பார்ப்பது மாதிரி. நம் தோப்பில், கண்ணு. நீ பிறந்த வருசம் உன் அப்பா வைத்த தென்னைகளுக்கு நடுவில். அப்புறம் என்னைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். நானும் பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கினேன். அந்த விரலை வெட்டிப் போடலாமா என்று இருக்கிறது.

அப்போதுதான் உன் அப்பாவின் செவலைக் காளை ஞாபகம் வந்தது. நீ அப்போது கைக்குழந்தை. அறுவடை முடிந்த வயலில், காளைகளை நுகத்தில் பூட்டி ஓட்டும் காளைப் பூட்டுப் பந்தயம் நடக்கும். ஒரு வருசம் செவலை ஓடி முடித்த வேகத்தில் நிறுத்த முடியாமல் போய் வேப்ப மரத்தில் தலையை இடித்துக்கொண்டது. கொம்பு முறியவில்லை, ரத்தம் இல்லை. அடுத்த வாரம் நம் ஊர்ப் பூட்டு. உன் அப்பா பூட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். அது ஒழுங்காக அசை போடவேண்டும், கூப்பிட்டால் தானாகத் திரும்பிப் பார்க்கவேண்டும், தீவனத் தொட்டிக்கு நேராக நடந்து வரவேண்டும், அதுவரை நுகத்தைத் தொடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டார். ஊரே வந்து கெஞ்சியது. மாட்டுக்கு நோட்டம் பார்க்கவே பொழுது போய்விடுகிறது என்று எனக்கு எரிச்சல். "ஊட்டுல ஒரு கொழந்த விழுந்தா இத்தன நாள் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

அதற்கு அவர், "கொழந்தைக்கு வாயிருக்குது, வலிச்சா சொல்லிப் போடும். இதுக்கு யாரு இருக்கறாங்க?" என்றார்.

உனக்கு வாய் இருந்தது. அதை நான் பேசிவிட்டேன். மாட்டுக்கு ஒரு மாதம் கொடுத்த வீட்டில் உனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்தான் கொடுத்தோம்.

புதன்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். முதலில் பிருந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "போன் பண்ணுங்க அத்தை" என்று மட்டும் சொல்லி, பக்கத்திலேயே நின்றாள். டாக்டர் பெண்ணிடம் பாதி மலையாளம் பாதித் தமிழில் குடை விரித்ததில் இருந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் அவள் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. நான் பயந்துபோய், அந்த ஐந்து வார்த்தையும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறதுங்க, ஆனை, குடை என்று தொடங்கினேன். அம்மாவின் தலையில் ஒரு கோளாறும் இல்லை, எனக்கு வேண்டியது மகனுடைய தலை என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். கன்கஷன் என்று பெயராம். நம் பாஷையில் மூளை குலுங்கிப்போனது என்று வைத்துக்கொள். குலுங்கியது அடங்குவதற்குள் இன்னொரு அடி பட்டால், அது சின்ன அடியாக இருந்தாலும், முதல் அடியைவிடப் பல மடங்கு கெடுத்துவிடலாம், சிலர் எழுந்திருக்காமலே போனதும் உண்டு என்றாள். இப்படி ஏதோ இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வண்டியில் இருந்து இறக்கிவிடவேண்டும், இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்றாள். தான் கொடுத்த கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், புதுசாகச் சோதித்து ஒருவர் சரி என்று சொல்லும்வரை உன்னை ஓட்டவிடக் கூடாது என்று பந்தயம் நடத்துகிறவர்களுக்குச் சொல்வதாகவும் சொன்னாள். மகனிடம் யார் சொல்வது என்று கேட்டாள். நான் என்றேன்.

அதற்கப்புறம் உன் வண்டிச் சாவியை ஒளித்து வைக்கலாம் என்று ஒரு மணி நேரம் தேடினேன். அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. பத்து வருசமாகப் பெருமை பேசுகிறேன், சாவி இல்லாதது தெரியவில்லை. சிபியைக் கூப்பிட்டேன். அவன் முதலில், "ரைடர்னா விழுந்து எந்திரிச்சு ஓட்டறவந்தான் சேச்சி" என்று உன் பாட்டையே பாடினான். மலை இறங்கும்போது நீ நாலாம் தரம் கேட்டதற்கு ஏன் சிரிக்கவில்லை என்று அவனைக் கேட்டேன். வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். என் சமையலறையில் பதினேழு டப்பா இருக்கிறது. எதில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன்.

நேற்றும் இன்றும் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் திரும்பப் போனேன். தாம்பூலம் வைத்து அழைத்ததை எப்படித் திரும்ப எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, அதற்குச் சாங்கியம் கிடையாது. வெறுங்கையோடு போய் நின்று, அவனுக்குத் தலையில் அடி, நான்தான் மறைத்தேன் என்று சொன்னேன். முதல் வீட்டில் மாட்டுத் தீவன விலை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தேன். பத்தாவது வீட்டில் ஓரளவு பழகிவிட்டது. முப்பதாவது வீட்டில் குடை விரித்ததையும் நடித்துக் காட்டினேன். ஒருத்தர் திருநீறு மந்திரித்துத் தருகிறேன் என்றார். ஒருத்தி நாட்டுக்கோழி ரசம் வைத்துக் கொடு என்றாள். மேற்குத் தோட்டத்துப் பெரியம்மா முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்ப சாப்பாடு உண்டுங்களா இல்லீங்களா?" என்றார். உண்டு என்று சொல்லிவிட்டேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் ரேஸ் இல்லாத விருந்து. சத்தம் போடாமல் சாப்பிடவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். புள்ளியில் முதலிடம் போய்விடும் என்பாய். போகும். முப்பத்திரண்டு வயது, அடுத்த வருசம் உடம்பு இப்படி இருக்காது என்பாய். இருக்காமல் போகலாம். எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பாய். ஓட்டுகிறார்கள், அவர்கள் அம்மாக்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இப்போது தலைவலியே இல்லை என்பாய். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சொல், கேட்கிறேன். நீ இனிமேல் ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆசையும் இல்லை. டாக்டர் அப்படிச் சொல்லிவிடுவாளோ என்று உன்னைவிட எனக்குத்தான் பயம். அப்படிச் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டிருக்கிறேன். சின்னதில் நீ சைக்கிளில் இருந்து விழுந்தபோதெல்லாம் ஓடி வந்து, "எந்திரி, ஆம்பளப் பையன் அழுவலாமா" என்பேன். எங்கே அடி என்று அப்புறம்தான் கேட்பேன், சில சமயம் கேட்கவே மாட்டேன். நீ உடனே எழுந்திருக்கக் கற்றுக்கொண்டாய். நன்றாகக் கற்றுக்கொண்டாய். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலே எழுந்திருக்கும் அளவுக்கு.

நாளைக் காலை பாலக்காட்டில் பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறது. ஏலப்பாறை டாக்டர் பெண்தான் பேசி வாங்கிக் கொடுத்தாள். சிபி கார் கொண்டு வருவான். நீ மட்டும்தான் அறைக்குள் போகவேண்டும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பிருந்தா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். மாமியார்மேல் எத்தனை பாசம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கதவில் கண்ணாடி இருந்தால் நான் சைகை காட்டிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். குடையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள். அவர் என்ன கேட்டாலும் உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். அதைச் சொல்ல நான் உனக்கு எந்த வயதிலும் கற்றுக்கொடுக்கவில்லை, எனக்கே இந்த வாரம்தான் வந்தது.

என்மேல் கோபமாக இரு. நான் போடுகிற காப்பியைக் குடிக்காதே. என்னைப் பார்த்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொள், இப்போதைக்கு அது ஒன்றுக்கு மட்டும் உபயோகப்படட்டும். ஒரு மாதம் ஆனாலும் சரி, அடுத்த அறுவடை வரைக்கும் ஆனாலும் சரி, என்னோடு பேசாமல் இரு. ஆனால் தினமும் காலையில் நான் உன் வாசலில் வந்து நின்று, "எம்மேல எதுக்குக் கண்ணு கோவம்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும். ஏலப்பாறையில் நான் கத்தியதில் இருந்து இந்தக் கடிதம் வரைக்கும், நான் செய்த அத்தனையையும், முதலில் இருந்து, வரிசையாக, ஒன்று விடாமல், நீயே சொல்லித் திட்டவேண்டும். நடுவில் நான் வாயைத் திறக்கமாட்டேன், கையையும் ஆட்டமாட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டு, நிம்மதியாகப் போய் மாட்டைக் கறப்பேன்.

அம்மா